லேப் ஸ்டீல் கிதார்: சுருதியும் கம்பியும்

கேள்வி: ஆறு கம்பி லேப் ஸ்டீல் கிதார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதிரும் கம்பியின் நீளம் 22.5 அங்குலம். சி6 என்கிறார் ஒருவர், ஓபன் டி என்கிறார் மற்றொருவர், டோப்ரோ (உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் கிதார்) வாசிப்பவர்களின் ஜி என்கிறார் மூன்றாமவர். எந்த ட்யூனிங்கில் தொடங்குவது?

பதில்: மூவரும் சொல்வது சரிதான், ஆனால் ஒவ்வொருவரும் வெவ்வேறு இசையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். மடியில் படுக்கவைத்து வாசிக்கும் இந்த வாத்தியத்தில் இடக்கை விரல்கள் தனித்தனியாகக் கம்பிகளைத் தொடுவதில்லை. கையிலுள்ள எஃகு பார் எல்லாவற்றையும் ஒரே நேர்க்கோட்டில் தொடுகிறது. பாரைச் சாய்த்துப் பிடித்துச் சில கூடுதல் சுரங்களைப் பெறலாம் என்றாலும் அது பிற்பாடு கைவரும் வித்தை. ஆகையால், சாதாரண கிதாரில் விரல்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இங்கே சுருதி அமைப்பே செய்துவிடுகிறது.

ஆதார சுரத்தை 'ஸ' என்று கொண்டு, தடித்த ஆறாவது கம்பியிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஓபன் டி என்பது ஸ ப ஸ க ப ஸ, அதாவது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. முதல் கம்பியிலேயே 'ஸ' இருப்பதால் மெட்டை அதில் வாசித்துக்கொண்டே அடிக்கம்பிகளைச் சுருதிபோல் ஒலிக்க விடலாம். ஆறையும் ஒருசேர மீட்டினாலும் அபசுரம் எழாது. ப்ளூஸ் வாசிக்க விரும்புகிறவர்களும் ஒற்றை மெட்டாக வாசிக்க விரும்புகிறவர்களும் இதை நாடுவது அதனால்தான். டோப்ரோ ஜி என்பது ஸ க ப ஸ க ப. மேல் மூன்று கம்பிகளில் பழகியதை அப்படியே கீழ் மூன்றிலும் ஒரு ஸ்தாயி தாழ்வாக வாசிக்கலாம். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைவகைக்கு இது எழுதப்படாத சட்டம்.

சி6 என்பது ஸ க ப த ஸ க, அதாவது சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. ஹவாய் இசையிலும் ஜாஸ் கலந்த அமெரிக்க நாட்டுப்புற நடன இசையான வெஸ்டர்ன் ஸ்விங்கிலும் வேரூன்றிய அமைப்பு இது. அமெரிக்க ஸ்டீல் கிதார் கலைஞர் ஜெரி பேர்டு இதில்தான் பெரும்பெயர் பெற்றார். பாரை நகர்த்தாமலேயே 6, 5, 4 ஆகிய கம்பிகளை மீட்டினால் சி மேஜர் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) கிடைக்கும். 3, 2, 1 ஆகியவற்றை மீட்டினால் ஏ மைனர் கிடைக்கும். மற்ற இரண்டிலும் திறந்த கம்பிகளில் முழு மைனர் கார்டு கிடையாது. ஆனால் இதில் வலக்கை சோம்பலாக இருக்க முடியாது: வேண்டிய கம்பியை மட்டும் மீட்டி, மற்றதை உள்ளங்கையால் அடக்காவிட்டால் 'த' எங்கும் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். குறிப்பிட்ட இசைவகை மேல் பிடிப்பு இல்லாதவருக்கு நான் சி6-ஐயே சொல்வேன். அந்தக் கண்டிப்பு ஆரம்பத்திலேயே வாய்ப்பது நல்லதுதான். எதை எடுத்தாலும் சில பாட்டுகள் தடையின்றி வரும்வரை மாற்றாதீர்கள். ஜி மேஜர் ஓபன் டியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே சுர இடத்தைக் காட்டும் கோடு) சி6-இல் ஏழாம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது; இரண்டையும் ஒரே சமயத்தில் பழகினால் கையும் கண்ணும் குழம்பும்.

கேள்வி: புதிதாகக் கற்பவர்களுக்கு மெல்லிய கம்பிதான் நல்லது என்று கிதார் ஆசிரியர் சொல்கிறார். லேப் ஸ்டீலுக்கும் அது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. மெல்லிய கம்பியைச் சொல்வது விரல்நுனி வலிக்கக் கூடாது என்பதற்காக. இங்கே கம்பியை ஃப்ரெட்வரை அழுத்துவதே இல்லை. கனமான பாரின் கீழ் தளர்ந்த கம்பி தொய்ந்து கரகரக்கும், சுருதியும் ஏறிவிடும். ஆறு கம்பிகளின் இழுவிசையும் ஏறத்தாழ ஒத்திருப்பதுதான் முக்கியம்.

உங்கள் 22.5 அங்குலத்துக்கு, சி6 என்றால் முதல் கம்பியிலிருந்து 15, 18, 20, 24, 30, 36 என்று போடலாம். இவை கம்பியின் தடிமன், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட கணக்கு. ஒவ்வொன்றின் இழுவிசையும் சுமார் 10 முதல் 13 கிலோவுக்குள் அடங்கும். மூன்றாவது கம்பி சுற்றில்லாத வெறுங்கம்பியாக இருந்தால் பார் வழுக்கும்போது எழும் சரசரப்பு குறையும். ஓபன் டிக்கு 16, 20, 26, 34, 44, 56 சரியாக வரும். ஆறாவது மட்டும் சற்றுத் தளர்ந்திருக்கும்.

சாதாரண கிதார்களில் பரவலாகக் காணப்படும் 25.5 அங்குல நீளத்தோடு ஒப்பிட்டால், அதே கம்பியை அதே சுரத்துக்கு உங்கள் வாத்தியத்தில் ஏற்றும்போது இழுவிசை 22 சதவீதம் குறைவு. அங்கே 13 போடுமிடத்தில் இங்கே 15 தேவைப்படுவது இதனால்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் கம்பி அடிக்கடி அறுந்தால் பலர் தடித்ததை மாட்டுகிறார்கள். நீளமும் சுரமும் மாறாதவரை வெறுங்கம்பியின் ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்கும் சுமை மாறுவதில்லை. தடிமன் கூடக்கூட இழுவிசையும் கூடிவிடுவதால் தடித்த கம்பி உதவாது. அறுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிரிட்ஜில் (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) உள்ள கூர் விளிம்பே.

கம்பி மாற்றிய பின் நட்டுக்கு (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் கொண்ட பட்டை) அருகே பாரைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். அது ஆடினால் ஏதோ ஒரு கம்பி மேலெழுந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பள்ளத்தை மட்டும் சிறிது அராவ வேண்டும்.

கேள்வி: என்னிடம் பழைய சாதாரண கிதார் இருக்கிறது. நட்டை உயர்த்தி, இருக்கும் கம்பிகளையே சி6-க்கு ஏற்றலாமா?

பதில்: கூடாது. ஆறாவது கம்பியை எட்டு அரைச்சுரமும், ஐந்தாவதை ஏழும், நான்காவதை ஐந்தும் ஏற்ற வேண்டியிருக்கும். எட்டு அரைச்சுரம் ஏற்றினால் இழுவிசை இரண்டரை மடங்காகும். கம்பி தாங்கினாலும் கழுத்து தாங்குமா என்பது சந்தேகம். டோப்ரோ ஜியிலும் இரண்டு அடிக்கம்பிகள் ஏற வேண்டும். ஓபன் டியில் எந்தக் கம்பியும் ஏறுவதில்லை: நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே இருக்க, மூன்றாவது ஓர் அரைச்சுரமும், மற்ற மூன்றும் ஒரு முழுச்சுரமும் இறங்குகின்றன. ஆகவே அதையே வைத்துக்கொண்டு, இறக்கியதால் தொய்ந்துபோகும் முதல் கம்பியை 14-க்கும் இரண்டாவதை 18-க்கும் மாற்றினால் போதும்.