கேள்வி – பதில்: செடானில் கலைந்த 55ஆவது டிவிஷன்

கே: 1940 மே மாதம் ஜெர்மனி பிரான்சுக்குள் படையெடுத்தபோது, செடான் நகரில் பிரெஞ்சு 55ஆவது காலாட்படை டிவிஷன் சண்டையே போடாமல் ஓடிவிட்டதாமே?

ப: ஆற்றங்கரையில் இருந்தவர்கள் மீது அந்தப் பழியைப் போடுவது அநியாயம். மே 13 அன்று நாள் முழுக்க ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தன. அதைத் தாங்கிக்கொண்டு, பிற்பகலில் ரப்பர் படகுகளில் மியூஸ் ஆற்றைக் கடந்த ஜெர்மானியர்களை அவர்கள் சுட்டார்கள். வடேலிங்கூர் ஊருக்கு எதிரே ஜெர்மன் 10ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷனின் படகுகள் பலவும் கரை சேரவில்லை.

ஓட்டம் தொடங்கியது பின்னால், பீரங்கிகள் நின்ற பூல்சன் பக்கம். அன்று மாலை, 'டாங்கிகள் பூல்சனுக்கு வந்துவிட்டன' என்று வதந்தி கிளம்பியது. அந்த நேரத்தில் ஒரு ஜெர்மன் டாங்கிகூட ஆற்றைத் தாண்டவில்லை. கோலியே என்ற இடத்தில் ஜெர்மானியர் போட்ட மிதவைப் பாலத்தில் அவை வந்ததே இரவில்தான். ஆனால் அந்த வதந்தி பொய் என்று தெரிவிக்க வழியில்லை. தொலைபேசிக் கம்பிகளைப் புதைக்காமல் தரைமேல் இழுத்திருந்தார்கள். குண்டுவீச்சில் அவை அறுந்துபோயின. பீரங்கிக்காரர்கள் கிளம்பினார்கள், பின்னாலேயே காலாட்படையும். முன்னணி அரண்களுக்குப் பீரங்கித் துணை இல்லாமல் போயிற்று.

கே: ஏன் அவ்வளவு பலவீனம்?

ப: அது 'பி' வரிசை டிவிஷன். முப்பது வயதைத் தாண்டிய ரிசர்வ் வீரர்களே பெரும்பாலோர். நிரந்தரப் பணி அதிகாரிகள் மிகச் சிலர். குளிர்காலம் முழுக்கக் காங்கிரீட் போட்டார்கள், பயிற்சிக்கு நேரமில்லை. அரண்களும் முடியவில்லை, சிலவற்றின் சுடுதுளைகளுக்கு இரும்பு மூடிகூட இல்லை. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளும் கண்ணிவெடிகளும் பற்றாக்குறை. என் கணக்கில் இதையெல்லாம்விடப் பெரிய கேடு, பட்டாலியன்களை அடிக்கடி இடம் மாற்றியது. ஒரே வரிசையில் வெவ்வேறு ரெஜிமென்ட்களின் கம்பெனிகள் கலந்து நின்றன. பக்கத்து அரணில் இருப்பவன் யாரென்றே தெரியாதபோது, அவன் நிற்பான் என்று எப்படி நம்புவது?

கே: மறுநாள் பிரெஞ்சுக்காரர்களின் எதிர்த்தாக்குதல் என்ன ஆயிற்று?

ப: தாமதத்தில் தோற்றது. 213ஆவது ரெஜிமென்டும் 7ஆவது டாங்கி பட்டாலியனும் இரவிலேயே நகர்ந்திருக்க வேண்டும். சாலையெல்லாம் பின்வாங்கும் வண்டிகள். 55ஆவது டிவிஷனின் தளபதி லாஃபோந்தேனின் உத்தரவு வந்தது மே 14 விடியற்காலையில். அவர்கள் காலையில் புறப்பட்டு வருவதற்குள் ஜெர்மன் டாங்கிகள் பூல்சன் மேட்டைப் பிடித்துவிட்டன. 7ஆவது பட்டாலியனிடம் இருந்த பிரெஞ்சு எஃப்.சி.எம். 36 டாங்கியின் குட்டையான 37 மி.மீ. பீரங்கி முதல் உலகப்போர்க் காலத்தது. எதிரி டாங்கியின் இரும்பைத் துளைக்கும் வலு அதற்கு இல்லை. பட்டாலியன் தன் டாங்கிகளில் பாதிக்கும் மேல் இழந்தது. 4ஆவது டாங்கி பட்டாலியனும் 205ஆவது ரெஜிமென்டும் வலப்பக்கமாக வரவேண்டியவை. அவை சண்டையில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.