மூச்சே பேச்சானால்?

கேள்வி: மூச்சுக் காற்றைப் பேச்சாக மாற்றும் கருவியை ஒரு பள்ளி மாணவர் செய்தாராமே, நிஜமா? (வாசகி, தேனி)

பதில்: நிஜம்தான். ஹரியானாவில் உள்ள பானிபட்டைச் சேர்ந்த ஆர்ஷ் ஷா தில்பாகி, 16 வயதில் செய்தது. பெயர் 'டாக்' (Talk, அதாவது பேச்சு). 2014 கூகுள் அறிவியல் கண்காட்சியின் இறுதிச்சுற்று வரை போனது.

விஷயம் ரொம்ப எளிது. மூக்குக்குக் கீழே ஒரு சென்சார், குட்டி மூச்சு விட்டால் புள்ளி, நீள மூச்சு விட்டால் கோடு, அதாவது நம் பழைய தந்தி ஆபீஸின் மோர்ஸ் குறியீடேதான், அதை எழுத்தாக்கிச் சத்தமாகச் சொல்லிவிடும். உடல் செயலிழந்து பேச முடியாமல் போன விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்குக் கன்னத் தசையாவது அசைந்தது, அதை வைத்தே கணினி வழியாகப் பேசினார். அதுவும் முடியாதவருக்கு மூச்சு மட்டும்தானே மிச்சம்?

சரி, கஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 'வாட்டர்' என்று ஆங்கிலத்தில் கேட்க மோர்ஸில் 10 புள்ளி-கோடுகள், அதாவது 10 மூச்சு. தாகத்தில் இருப்பவர் எண்ணிக்கொண்டா இருப்பார்? அதனால்தான் அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களுக்குத் தனிக் குறுக்குவழியும் வைத்திருந்தார். எனக்கு அந்தப் பையனிடம் பிடித்ததே அதுதான்.