சட்டம் கேளுங்கள்: அருவருப்பு வேறு, குற்றம் வேறு

கே: வயதுவந்தவர்கள் ஒப்புக்கொண்டு எடுத்த கட்டிப்போடுதல், சவுக்கடி மாதிரியான காமப் படங்களை வீட்டில் வைத்திருப்பது குற்றமா? அரசு இதில் தலையிடத்தான் வேண்டுமா? (வாசகர், சாட்ஸ்வர்த்)

ப: வைத்திருப்பது குற்றமில்லை. தென்னாப்பிரிக்காவின் 1967-ஆம் ஆண்டு ஆபாசப் படச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருந்தது. ஓரினச் சேர்க்கையையும் வன்புணர்வையும் ஒரே பட்டியலில் அடுக்கிய சட்டம் அது. 1996 மே மாதம் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. நேட்டாலில் நீதிபதியாக இருந்து அங்கே போன டிட்காட், ஒருவர் தன் வீட்டுக்குள் எந்தக் காமப் படத்தை வைத்திருந்தாலும் அது அவர் பாடு, அரசுக்கு அங்கே வேலையில்லை என்ற பொருளில் எழுதினார்.

சிக்கல் விற்பதிலும் காட்டுவதிலும்தான். 1996-ஆம் ஆண்டின் திரைப்பட, வெளியீட்டுச் சட்டப்படி ‘எக்ஸ் 18’ தரம் பெற்ற படத்தை உரிமம் உள்ள வயதுவந்தோர் கடையில் விற்கலாம். ‘எக்ஸ்எக்ஸ்’ என்றால் எங்குமே விற்கக் கூடாது. அந்தத் தரத்துக்கான வாசகத்தில் வன்புணர்வுக்குப் பக்கத்திலேயே ‘மனிதரை இழிவுபடுத்தும் செயல்’ என்றும் இருக்கிறது. நடித்தவர் சம்மதித்தாரா என்பது அளவுகோலாக இல்லை. எங்கள் எதிர்ப்பு இதற்குத்தான். எது முடியும், எது முடியாது, எந்தச் சொல் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும் என்று தானே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பெண்ணிடம், ‘நீ இழிவுபட்டுவிட்டாய்’ என்று ஒரு குழு சொல்வது அவள் வாயை அடைப்பதுதான்.

சாசனத்தின் 16-ஆம் பிரிவு பேச்சுரிமைக்கு வெளியே தள்ளுவது போர்ப் பிரசாரம், உடனடி வன்முறைத் தூண்டல், தீங்கு தூண்டும் வெறுப்புப் பேச்சு ஆகியவற்றை மட்டுமே. காமம் அதில் இல்லை. ஆகவே தடுக்க நினைக்கும் அரசுதான் 36-ஆம் பிரிவின்படி நியாயம் காட்ட வேண்டும். அருவருப்பு நியாயமாகாது. 2013-இல் டர்பன் திரைப்பட விழாவின் தொடக்கப் படமான ‘ஆஃப் குட் ரிப்போர்ட்’டைக் குழந்தை ஆபாசம் என்று, படங்களுக்குத் தரம் கொடுக்கும் வாரியம் நிறுத்தியது. நடித்தவரோ வயதுவந்த பெண். அதே மாதத்தில் மேல்முறையீட்டில் தடை உடைந்தது.

வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். பலர் சுதந்திரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தோற்கிறார்கள். ஒவ்வொரு காட்சியையும் நிமிடம், நொடியோடு குறித்து, கலைத் தகுதி உள்ள படத்துக்குச் சட்டம் தரும் விலக்கு அதற்கு எப்படிப் பொருந்துகிறது என்று எழுதுங்கள். வயதுச் சான்றும், படப்பிடிப்புக்கு முன்பே செயல்களைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட தாளும் சேருங்கள். ‘நடிக்கச் சம்மதம்’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது.

கே: மகன் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறான். இத்தகைய படங்கள் மடிக்கணினியில் இருந்தால்? (வாசகர், ஃபீனிக்ஸ்)

ப: அழித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அங்கே 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மிதமிஞ்சிய வன்மையான காமப் படங்களை வைத்திருப்பதையே 2009 ஜனவரி முதல் குற்றமாக்கியது. 3 ஆண்டு வரை சிறை. காட்டும் செயல் உயிருக்கு ஆபத்தானதாக நிஜம்போல் தோன்றினாலே போதும், நடிப்பு என்பது தப்பிக்க வழியாகாது.

கே: சம்மதித்து எடுத்த படத்தை, பிரிந்தபின் கணவர் பரப்புகிறார். (வாசகி, டோங்காட்)

ப: அம்மா, எடுக்கச் சம்மதித்தது பரப்பச் சம்மதித்ததாகாது. இங்கே அரசு வரத்தான் வேண்டும். திரைப்பட, வெளியீட்டுச் சட்டத்தின் 18எஃப் பிரிவை மீறினால் 1,50,000 ரேண்டு வரை அபராதமோ 2 ஆண்டுச் சிறையோ, இரண்டுமோ உண்டு. உங்களை அடையாளம் காட்டியிருந்தால் இரட்டிப்பு. அழிக்கச் சொல்லி அவரிடம் பேசுவதற்கு முன், முழு இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி திரையைப் படம்பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) வையுங்கள். அழிந்தபின் சாட்சி இருக்காது. காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்கிக்கொண்டு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தடுப்பாணை கேளுங்கள்.