துபையாவைப் படித்த பிறகு 'கண்டுபிடித்தார்' என்று எழுதக் கை வருவதில்லை

"உலகப் பண்பாடுகள், கடற்பயணங்கள், ஏகாதிபத்தியம் என்று வரலாற்றில் படித்தவற்றில் உங்கள் எண்ணத்தையே மாற்றிய விஷயம் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு அது ஒரு விஷயம் இல்லை, ஒரு மனிதர். துபையா. இரண்டு வருடம் முன்பு வரை இந்தப் பசிபிக் தீவுக்காரரின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் ஏறிப் போன கப்பலின் தலைவர், ஆங்கிலேய மாலுமி கேப்டன் ஜேம்ஸ் குக்கை மட்டும் ஏழாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

பள்ளியில் எங்களுக்கு 'புவியியல் கண்டுபிடிப்புகள்' ஒரு பாடம், 'குடியேற்ற ஆதிக்கம்' இன்னொரு பாடம். முதல் பாடத்தில் துணிச்சலான மாலுமிகள் வருவார்கள், இரண்டாவதில் பேராசை பிடித்த வணிகர்களும் படைகளும் வருவார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதாவது தேடிப் போனவர்கள் நல்லவர்கள், பின்னால் வந்தவர்கள்தான் கெடுத்தார்கள் என்று. குக்கின் முதல் பயணத்தைக் கொஞ்சம் விரிவாகப் படித்தபோது அந்தப் பிரிப்பு எனக்கு நிற்கவில்லை. இரண்டும் ஒரே கப்பலில், ஒரே ஆளின் நாட்குறிப்பில் இருக்கின்றன.

கதை இதுதான். 1769 ஏப்ரலில் குக்கின் 'எண்டெவர்' கப்பல் பசிபிக் கடலில் உள்ள டஹிட்டித் தீவுக்கு வருகிறது. வெளியே சொன்ன காரணம் அறிவியல்: அந்த ஜூன் 3ஆம் தேதி வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதை அளக்க வேண்டும், அதை வைத்துச் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிட வேண்டும். இன்னொரு உத்தரவு முத்திரையிட்ட உறையில் இருந்தது. தெற்கே ஒரு பெருங்கண்டம் இருக்கிறதா என்று தேடு, அங்குள்ள மக்களின் சம்மதத்தோடு வசதியான இடங்களை மன்னர் பெயரில் எடுத்துக்கொள். 'சம்மதத்தோடு' என்ற சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டஹிட்டியில் இவர்களுக்கு அறிமுகமானவர்தான் துபையா. சொந்தத் தீவு ரயாட்டியா. அங்கே தபுதபுவாத்தேயா என்று ஒரு பெரிய வழிபாட்டு மேடை உண்டு, அதைச் சேர்ந்த பூசாரி மரபில் வந்தவர். வம்சாவளிப் பாடல்கள், சடங்கு, வானம், கடல்வழி எல்லாம் முறையாகக் கற்றவர். பொரா பொரா தீவின் போர்வீரர்கள் ரயாட்டியாவைப் பிடித்துக்கொண்டதால் டஹிட்டிக்குத் தப்பி வந்திருந்தார். எண்டெவர் கிளம்பும்போது தானும் வருகிறேன் என்கிறார். குக்குக்கு முதலில் விருப்பமில்லை. கப்பலில் இருந்த பணக்காரத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ்தான் செலவை ஏற்று அழைத்துக்கொள்கிறார். அப்போது பேங்க்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியது: என் அக்கம்பக்கத்தார் அதிகச் செலவு செய்து சிங்கமும் புலியும் வளர்க்கிறார்களே, நான் ஏன் இவரை ஒரு அபூர்வப் பொருளாக வைத்துக்கொள்ளக் கூடாது?

இந்த வரியைப் படித்த அன்று எனக்கு வேறு எதையும் படிக்க முடியவில்லை. பேங்க்ஸ் கெட்டவர் என்றுகூடச் சொல்ல முடியாது. டஹிட்டி மொழியைக் கற்க முயன்றவர், அந்த மக்களோடு சிரித்துப் பேசி உண்டு உறங்கியவர். அப்படிப்பட்டவருக்கே தன் எதிரே நிற்கும் அறிஞர் புலிக்கூண்டு அளவில்தான் தெரிகிறார் என்றால், இது தனி மனிதரின் குணம் சார்ந்த விஷயம் இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

சரி, அந்த அறிஞர் என்ன செய்தார் என்று பார்ப்போம். டஹிட்டியிலிருந்து கிளம்பிய கப்பலை ஹுவாஹினே, ரயாட்டியா என்று தீவு தீவாக அவர்தான் வழிகாட்டி அழைத்துப் போனார். தெற்கே ஒரு தீவு வரும் என்று முன்கூட்டியே சொன்னார், ருருத்து வந்தது. மேற்கே போனால் நிறையத் தீவுகள் உண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் உத்தரவு தெற்கே கண்டம் தேடச் சொன்னதால் குக் தெற்கே போனார், கண்டம் கிடைக்கவில்லை. எத்தனை முறை கப்பல் திரும்பினாலும் டஹிட்டி எந்தப் பக்கம் என்று கேட்டால் சரியாகக் கை காட்டுவார் என்று பதிவு இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல்.

கப்பலில் இருந்தபோது 74 தீவுகள் கொண்ட ஒரு வரைபடம் உருவாக்கினார். மூலப்படி இப்போது இல்லை, பிரதிகள் இருக்கின்றன. மேற்கே ரோத்துமா, வடகிழக்கே மார்க்கேசஸ் என்று பசிபிக்கின் பெரும் பரப்பிலுள்ள தீவுகளை அதில் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆனால் நம் வழக்கப்படி மேலே வடக்கு என்று வைத்துப் பார்த்தால் பல தீவுகள் இடம் மாறி இருக்கும். அதனால் நெடுங்காலம் 'பாவம், வரைபடம் என்றால் என்னவென்று அவருக்குப் புரியவில்லை' என்றே எழுதி வந்தார்கள். 2018இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வேறு விளக்கம் தந்தார்கள். படத்தின் நடுவில், கோடுகள் சந்திக்கும் இடத்தில், 'அவாத்தேயா' என்று எழுதியிருக்கிறது. நண்பகல் என்று பொருள். அந்த அட்சரேகையில் ஆண்டின் பெரும்பகுதி உச்சிச் சூரியன் வடக்கில் நிற்கும். ஆகவே எந்தத் தீவில் நீ நின்றாலும் அங்கிருந்து நடுப்புள்ளியை நோக்கிப் போகும் திசைதான் உனக்கு வடக்கு, அதிலிருந்து எவ்வளவு விலகி அடுத்த தீவு இருக்கிறதோ அதுதான் நீ போக வேண்டிய திசை. அதாவது மேலிருந்து கழுகு பார்ப்பதுபோல் வரைந்த படமே இல்லை அது, படகில் உட்கார்ந்திருப்பவனுக்காக வரைந்த படம். ஐரோப்பிய மாலுமிகளின் திசைமானி முறையைப் புரிந்துகொண்டு, தன் முறையை அவர்கள் காகிதத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கிறார். அந்த விளக்கத்தை எல்லா அறிஞர்களும் அப்படியே ஏற்க வேண்டும் என்றில்லை, ஆனால் எனக்கு அது ஒரே நொடியில் மனதில் உட்கார்ந்துவிட்டது.

ஏனென்றால் என் தாத்தா கன்னியாகுமரிக் கடற்கரையில் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். கடலுக்கடியில் பார், அதாவது மீன் கூடும் பாறைத் திட்டு, எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லும் விதம் இப்படித்தான்: கரையில் கோயில் கோபுரமும் பின்னால் மலை முகடும் ஒரே நேராக வர வேண்டும், அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி அதேபோல் வர வேண்டும், ரெண்டும் சேர்ந்தால் கீழே பார். கணியம் என்பார்கள். ஒரு தாளைக் கொடுத்து 'இடத்தை வரைந்து காட்டுங்க தாத்தா' என்று சின்ன வயதில் கேட்டபோது அவர் தாளின் நடுவில் தன் கட்டுமரத்தைத்தான் வரைந்தார். அப்போது நான் அவருக்கு வரைபடம் வரையத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

1769 அக்டோபரில் கப்பல் நியூசிலாந்து வந்து சேர்கிறது. டஹிட்டியிலிருந்து சுமார் 4,000 கிலோமீட்டர். கரையில் இறங்கிய முதல் நாளே அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளில் தே மாரோ என்பவர் சுடப்பட்டு இறக்கிறார். மறுநாள் ஆற்றின் அக்கரையில் மாவோரிகள் ஆயுதத்தோடு நின்று போர் நடனம் ஆடுகிறார்கள். துபையா தன் மொழியில் பேசுகிறார், அவர்களுக்குப் புரிகிறது! பல நூற்றாண்டுகளுக்கு முன் படகேறிப் பிரிந்து போன இரண்டு கூட்டம், எழுத்தே இல்லாமல், இவ்வளவு கடல் தாண்டி, இன்னும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறது. குக்கின் பயணத்தில் நிஜமாகவே மலைக்க வைக்கும் நொடி எனக்கு இதுதான். நடுவில் இருந்த ஒரு பாறையில் ஒரு மாவோரியும் குக்கும் மூக்கோடு மூக்கு உரசி வணங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வாளைப் பறித்தார் என்று மறுபடி துப்பாக்கிச் சூடு. அந்த முதல் சந்திப்புகளில் மட்டும் ஒன்பது மாவோரிகள் கொல்லப்பட்டார்கள். தனக்கு வேண்டியது எதுவும் கிடைக்கவில்லை என்று அந்த இடத்துக்கு 'வறுமை விரிகுடா' என்று குக் பெயர் வைத்தார். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது தூரங்கநுயி-ஆ-கீவா. 2019இல்தான் அந்தப் பழைய பெயரும் அதிகாரப்பூர்வமாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு பிரிட்டனின் தூதர் நேரில் வந்து கொலைகளுக்கு வருத்தம் தெரிவித்தார்.

அதன்பிறகு பல இடங்களில் துபையா பேசியதால் பேச்சுவார்த்தை நடந்தது, தண்ணீரும் உணவும் கிடைத்தன. ஊவா என்ற இடத்தில் மாவோரிப் பூசாரிகளோடு உட்கார்ந்து முன்னோர் கதைகளைப் பேசியிருக்கிறார். மாவோரிகள் பலர் அதை துபையாவின் கப்பல் என்றே நினைத்திருக்கிறார்கள். 1773இல் குக் இரண்டாம் பயணத்தில் திரும்பி வந்தபோது அவர்கள் கேட்டது, துபையா எங்கே என்று.

அடுத்து ஆஸ்திரேலியா, 1770 ஏப்ரல். பாட்டனி விரிகுடாவில் அங்குள்ள பூர்வகுடிகளான க்வீகல் மக்கள் இருவர் ஈட்டியோடு எதிர்த்து நிற்கிறார்கள். இங்கே துபையாவுக்கும் ஒரு சொல் புரியவில்லை, அது வேறு உலகம். குக் எழுதுகிறார்: அவர்களுக்கு வேண்டியதெல்லாம் நாங்கள் போய்விட வேண்டும் என்பதே. அவ்வளவு தெளிவாகப் புரிந்துதான் இருக்கிறது. அப்படிப் புரிந்தவர்தான் நாலு மாதம் கழித்து, ஆகஸ்ட் 22ஆம் தேதி, வடக்கு முனையில் ஒரு சின்னத் தீவில் கொடி ஏற்றி, கிழக்குக் கரை முழுவதும் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சொந்தம் என்று அறிவித்தார். யாரிடமும் கேட்கவில்லை. இத்தனைக்கும் கிளம்பும் முன்பே லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவர் எழுதிக் கொடுத்த அறிவுரையில், அந்தந்த நிலத்தில் வாழும் மக்களே அதன் இயல்பான, சட்டபூர்வமான உரிமையாளர்கள் என்று தெளிவாக இருக்கிறது. 'அந்தக் காலத்தில் யாருக்கும் அது தவறென்றே தெரியாது, இன்றைய அளவுகோலில் பார்க்கக் கூடாது' என்று வகுப்பில் சிலர் வாதிடும்போது நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன். தெரிந்திருந்தது. எழுதியே வைத்திருந்தார்கள்.

18 ஆண்டுகளில் கைதிகளை ஏற்றிய முதல் கப்பல் கூட்டம் வந்து இறங்கியது. அந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது என்ற சட்டக் கற்பனையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தள்ளியது 1992 ஜூன் 3ஆம் தேதி, எடி மாபோ என்ற தீவுக்காரர் நில உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில். வெள்ளிக் கோளை அளந்த அதே ஜூன் 3. தற்செயல்தான், ஆனாலும் என் நோட்டில் இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

துபையா அதையெல்லாம் பார்க்கவில்லை. 1770இன் இறுதியிலேயே டச்சுக்காரர்களின் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கப்பல் பழுதுபார்க்க நின்றபோது நோய் கண்டு இறந்தார். கூட வந்த தயாத்தா என்ற சிறுவன், அவனும் அங்கேயே இறந்தான். துபையா கூர்மையானவர், அறிவாளி, ஆனால் கர்வமும் பிடிவாதமும் உள்ளவர் என்று குக் எழுதினார். தன் ஊரில் பெரிய பூசாரியாக இருந்தவர் கப்பலில் மாலுமிகளுக்குக் குனிந்து நடக்கவில்லை, அதுதான் கர்வமாகப் பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. பின்னால் லண்டன் போன மாயி என்ற இன்னொரு ரயாட்டியாக்காரரின் ஓவியத்தை 2023இல் இரண்டு அருங்காட்சியகங்கள் சேர்ந்து 5 கோடி பவுண்டுக்கு வாங்கின. துபையாவுக்கு ஓர் ஓவியமும் இல்லை. ஆனால் அவரே வரைந்தவை இருக்கின்றன. ஒரு மாவோரி பெரிய சிங்கி இறாலை நீட்டுகிறார், எதிரில் ஓர் ஆங்கிலேயர் துணியை நீட்டுகிறார், இருவரும் விடாமல் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, இணையத்தில் பார்க்கலாம். இதை வரைந்தது ஐரோப்பியர் என்றே வெகுகாலம் நினைத்தார்கள், பேங்க்ஸின் ஒரு கடிதம் கவனத்துக்கு வந்து 1997இல்தான் துபையா என்று தெரிந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும், துபையாவை வெறும் பாதிக்கப்பட்டவராகவும் நான் பார்க்கவில்லை. ரயாட்டியாவைப் பொரா பொராக்காரர்களிடமிருந்து மீட்க இந்த வெள்ளைக்காரர்களின் துப்பாக்கி உதவும் என்று அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. அவர்கள் அவரைப் பயன்படுத்தினார்கள், அவரும் அவர்களைப் பயன்படுத்தப் பார்த்தார். பசிபிக் தீவுகளும் போர் தெரியாத சொர்க்கம் இல்லை.

அப்புறம் நம்மவர்கள் விஷயம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது அனுப்பும் செய்தி, 'நியூசிலாந்தை முதலில் கண்டுபிடித்தது தமிழன்' என்பது. ஆதாரம் ஒரு மணி. அந்த மணி நிஜம். வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகையதீன் பக்‌ஷ் என்பவருடைய கப்பல் மணி என்ற பொருளில் தமிழில் எழுத்துப் பொறித்த வெண்கல மணி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்குப் பல ஊகங்கள்தான் உண்டு. நானும் முதல் தடவை அந்தச் செய்தியைப் பெருமையோடு பத்துப் பேருக்கு அனுப்பியவன்தான். போன மாதம் மறுபடி வந்தபோது குழுவில் இப்படி எழுதினேன்: "மாமா, அந்த மணி நமக்குப் பெருமைதான், ஆனா கண்டுபிடிச்சது நாம இல்ல. ஒரு பெரிய மரம் காத்துல சாஞ்சப்ப அதோட வேருக்கு அடியில கெடந்துச்சுன்னு கொலென்சோகிட்ட சொன்னதே மாவோரிங்கதான். அந்த மணியையே அவங்கதான் கண்டெடுத்திருக்காங்க."