ரிட்டயர் ஆகிறவங்க போஸ்ட்டை என்ன பண்றது?

சார் வணக்கம்,

நான் ஒரு பல்கலைக்கழக உயிரியல் துறையில உதவிப் பேராசிரியை. அடுத்த பத்து வருஷத்துக்குத் துறையை எப்படி வளர்க்கிறதுன்னு திட்டம் எழுதித் தரச் சொல்லி கமிட்டி போட்டிருக்காங்க, அதுல நானும் இருக்கேன். தாவர வகைப்பாட்டியல் எடுக்கிறவரும் பூச்சியியல் எடுக்கிறவரும் சீக்கிரம் ரிட்டயர் ஆகிறாங்க. அந்த ரெண்டு போஸ்ட்டையும் ஜீனோமிக்ஸுக்கு, அதாவது உயிர்களோட மொத்த டிஎன்ஏவையும் ஆராயற துறைக்கு மாத்திட்டு, டிஎன்ஏ வரிசையைப் படிக்கிற புது சீக்வென்ஸிங் மெஷின் வாங்கலாம்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஆனா எதிர்த்துப் பேச சரியான காரணமும் சிக்கல. நீங்க என்ன நினைக்கிறீங்க?

அன்புள்ள தோழிக்கு,

ரெண்டையும் மாத்த விடாதீங்க. ஒண்ணையாவது செடியையோ பூச்சியையோ கையில வாங்கிப் பாத்து இது இன்னதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்களுக்கே வச்சிருங்க. ஜீனோமிக்ஸ் கண்டிப்பா வேணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, ஆனா சாம்பிளோட டிஎன்ஏ வரிசையை டேட்டாபேஸ்ல போட்டா வந்து விழுற பேரு இருக்கே, அது யாரோ ஒருத்தர் அந்தச் செடியைப் பறிச்சு பூவைப் பிரிச்சு லென்ஸ்ல பாத்து உறுதி பண்ணின பேரு, அது தப்பா இருந்தா அதுக்கு மேல போடுற கணக்கெல்லாம் தப்பு.

எல்லா லேப்லயும் ஓடுற பிசிஆரையே எடுத்துக்குங்க, துளி டிஎன்ஏவை நிறைய நகலெடுக்கிற முறை அது. அதுக்கான டாக் என்சைம், தெர்மஸ் அக்வாட்டிகஸ்ங்கற பாக்டீரியாலேர்ந்து வந்தது. 1960கள்ல தாமஸ் பிராக்ங்கற நுண்ணுயிரியலாளர் அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊற்றுல என்ன உயிர் வாழுதுன்னு பாக்கப் போனப்போ கிடைச்சது அது, அப்ப பிசிஆர்னு ஒண்ணே கிடையாது. அதே மாதிரி 1967ல டெரெக் ராட்கிளிஃப்ங்கற பிரிட்டிஷ் ஆய்வாளர், சேகரிப்புகள்ல கிடந்த வல்லூறு முட்டை ஓடுகளை அளந்து எடை போட்டு, 1940கள் கடைசியிலேர்ந்து ஓடு மெலிஞ்சு வருதுன்னு காட்டினார், டிடிடி பூச்சிமருந்து பறவைகளைப் பாதிக்குதாங்கற விவகாரத்துல அது பெரிய ஆதாரமா நின்னுச்சு. சேகரிச்சு வச்சவங்களுக்கு டிடிடி பத்தி என்ன தெரியும்?

உலர்த்தின செடிகளைச் சேத்து வச்சிருக்கிற உங்க துறை ஹெர்பேரியத்தையும் ஒருதடவை போய்ப் பாருங்க. ஒவ்வொரு ஷீட்லயும் செடியை ஒட்டி, எந்த இடம், எந்தத் தேதி, யார் எடுத்ததுன்னு சின்ன லேபிள் இருக்கும். கவனிக்க ஆளில்லாம ஈரமும் வண்டும் புகுந்துட்டா அந்த ஷீட்டை எந்த கிரான்ட் வச்சும் திரும்ப வாங்க முடியாது.

மெஷின் விஷயம் வேற. 1990ல ஆரம்பிச்சு 2003ல முடிஞ்ச மனித ஜீனோம் திட்டத்துக்கு, அதாவது மனுஷனோட மொத்த டிஎன்ஏவையும் படிச்ச திட்டத்துக்கு, மதிப்பிட்ட செலவு சுமார் 300 கோடி டாலர், இன்னைக்கு ஒரு ஆளோட ஜீனோமை ஆயிரம் டாலருக்குள்ள படிச்சுடலாம். இவ்வளவு வேகமா மாறுற துறையில வாங்கின மெஷின் சீக்கிரமே பழசாயிடும், சர்வீஸ் கான்ட்ராக்ட் மட்டும் வருஷா வருஷம் பணம் கேக்கும். சாம்பிளை வெளிய அனுப்பிக்கலாம். அந்தக் காசுல மைனஸ் 80 ஃப்ரீசரும், கரண்ட் போனா அதைத் தாங்குற ஜெனரேட்டரும், நிரந்தர சம்பளத்துல ஒரு நல்ல டெக்னீஷியனும் கேளுங்க. டெக்னீஷியன் போஸ்ட்டைத்தான் எல்லாத் திட்டத்துலயும் முதல்ல வெட்டுவாங்க, அங்க மட்டும் பிடிவாதமா நில்லுங்க.

இன்னொண்ணு, புது ஆட்களை எல்லாம் ஒரே வருஷத்துல எடுத்துடாதீங்க, அப்படி எடுத்தா போறப்பவும் எல்லாரும் மொத்தமாப் போவாங்க. வகைப்பாட்டியலுக்கு வர்றவங்களை, இப்ப இருக்கிறவர் ரிட்டயர் ஆகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சேர்க்க முடியுமான்னு கமிட்டியில கேட்டுப் பாருங்க. ஹெர்பேரியத்துல எந்த அலமாரியில என்ன இருக்கு, எந்த லேபிளை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு அவர் கூடவே நின்னு கத்துக்க அந்த ஒரு வருஷம் வேணும்.