கார்டு புதுசு, சத்தம் மட்டும் காணோம்

கேள்வி: ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். சத்தம் தெளிவாக இருக்கட்டும் என்று என் மகன் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு சவுண்ட் கார்டு மாட்டிவிட்டு பெங்களூர் போய்விட்டான். முன்பக்கம் ஹெட்போன் செருகினால் மூச்சே இல்லை. பின்பக்கம் செருகினால் கேட்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்யும்போது என் குரல் எனக்கே தாமதமாக வந்து தாளத்தைக் கெடுக்கிறது. சில பதிவுகளில் சுருதியும் ஏறிவிடுகிறது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?
– பாட்டு டீச்சர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. பின்னால் சத்தம் வருகிறதென்றால் கார்டும் நன்றாக இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஏறியிருக்கிறது. உங்கள் பிள்ளை கார்டை மாட்டினார், ஆனால் கேபினெட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து வரும் ஒயரைப் பழைய இடத்திலேயே, அதாவது மதர்போர்டிலேயே, விட்டுவிட்டார். நாற்பது கேபினெட் திறந்தவர்கள்கூட மறக்கிற இடம் அது.

கரண்டை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மதர்போர்டின் ஓரத்தில் எச்.டி. ஆடியோ என்று எழுதிய இடத்தில் அந்த ஒயர் உட்கார்ந்திருக்கும். ஐந்தைந்தாக இரண்டு வரிசைப் பின்கள். எட்டாவது பின் மட்டும் இருக்காது, தப்பாகச் செருகிவிடக் கூடாதே என்று. யூ.எஸ்.பி.க்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று அங்கேயே இருக்கும். அதில் இல்லாதது மூலைப் பின். குழப்பிக்கொள்ள வேண்டாம். கார்டிலும் எட்டாவது பின் இல்லாத இடம் இருந்தால் ஒயரை அதற்கு மாற்றினால் போதும். சில கார்டுகளில் அந்த இடமே இருக்காது. அப்படியானால் பின்பக்கம்தான் கதி. ஒரு நீட்டிப்பு ஒயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி தாமதம். கம்ப்யூட்டர் உங்கள் குரலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாது. குடத்தில் பிடித்து, நிறைந்த பிறகுதான் ஊற்றும். அந்தக் குடத்துக்குப் பெயர் பஃபர். குரலை நொடிக்கு 44,100 தடவை அளந்து, அத்தனை மாதிரிகள் எடுக்கும்போது 1,024 மாதிரி பிடிக்கிற குடம் நிறைய 23 மில்லி நொடி ஆகும். மைக்கிலிருந்து உள்ளே வர ஒரு குடம், ஹெட்போனுக்குப் போக இன்னொன்று. ஆடாசிட்டியில் பஃபர் சாதாரணமாக 100 மில்லி நொடிக்கு வைக்கப்பட்டிருக்கும். துரித காலத்தில் ஸ்வரம் பாடுகிறவருக்கு அது யுகம். குடத்தை ரொம்பச் சின்னதாக்கினால் சத்தம் வெட்டி வெட்டி வரும், அது வேறு தொல்லை.

அதனால் குடத்தோடு மல்லுக்கட்டாமல், பாடும் குரலையே ஹெட்போனில் திருப்பிக் கொடுக்கிற 'சாஃப்ட்வேர் பிளேத்ரூ'வை ஆடாசிட்டியின் பதிவு அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். தம்புராவை மட்டும் ஹெட்போனில் வையுங்கள், ஒரு காதைத் திறந்து விடுங்கள். உங்கள் குரல் காற்று வழியாகவே காதுக்கு வரட்டும், அதற்குத் தாமதம் கிடையாது.

சுருதி ஏறுவதற்கு நீங்கள் பொறுப்பில்லை. விண்டோஸில் கார்டு நொடிக்கு 48,000 மாதிரிகளுக்கும் ஆடாசிட்டி 44,100-க்கும் இருந்து, நடுவில் மாற்றித் தருகிற வேலையை யாரும் செய்யாவிட்டால், 44,100-ல் எடுத்தது வேகமாக ஓடும். 5 கட்டையில் பாடியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கும். இரண்டிலும் ஒரே எண்ணை வைத்துவிடுங்கள்.

கேள்வி: மைக்செட் தொழில். லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டு கொடுத்தால் 'ம்ம்ம்' என்று இரைகிறது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. சார்ஜர் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: தம்பி, உடைக்கவே உடைக்காதே. இரைச்சல் போகும்தான், ஒருநாள் சார்ஜருக்குள் ஏதாவது கசிந்தால் லேப்டாப்பைத் தொட்ட கை சொல்லும், அந்தப் பின் எதற்கு இருந்தது என்று. லேப்டாப்புக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபையருக்கு வேறொரு எர்த். இரண்டையும் உன் ஆடியோ ஒயர் சேர்த்துவைத்து வளையமாக்குகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நீ கேட்கிற 'ம்ம்ம்' அதுதான். முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பார். போகவில்லையென்றால், ஆடியோ ஒயருக்கு நடுவில் போடுகிற சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்கும். எர்த் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: பரணில் அப்பாவின் சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டு கிடைத்தது. என் புது கம்ப்யூட்டரில் மாட்டினால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுகள் ஆட முடியுமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: மாட்ட முடியாது. அது ஐ.எஸ்.ஏ. என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகுகிற கார்டு, உன் மதர்போர்டில் அந்த நீளமான கறுப்பு ஸ்லாட்டே இருக்காது. ஆனாலும் தூக்கிப் போடாதே. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் தொடங்கிய சவுண்ட் பிளாஸ்டர் வரிசையில் இது 1992-ல் வந்தது. உன் அப்பாவைக் கேட்டுப் பார்: முகவரி 220, ஐ.ஆர்.கியூ. (கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிடும் வழி) 5, டி.எம்.ஏ. (கார்டுக்கும் மெமரிக்கும் நேர் வழி) 1 என்று தூக்கத்திலும் சொல்வார். இதற்கு முந்தைய கார்டுகள் ஐ.ஆர்.கியூ. 7-ல் வரும், பிரின்டருக்கும் அதே 7. ஒருவர் வீட்டில் பிரின்ட் கொடுத்தால் பாட்டு நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். கார்டை மூன்று தரம் மாற்றிய பிறகுதான், கார்டில் இரண்டு பின்களைச் சேர்க்கிற குட்டி மூடியை, அதாவது ஜம்பரை, இடம் மாற்றினாலே போதும் என்று எனக்குப் புரிந்தது. மூன்று நாள் சம்பளம் போச்சு.

விளையாட டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள். சவுண்ட் பிளாஸ்டர் 16 மாதிரியே நடிக்கும். முகவரி, ஐ.ஆர்.கியூ., டி.எம்.ஏ. என்ன என்று விளையாட்டு கேட்டால் 220, 7, 1 என்று கொடு. டாஸ்பாக்ஸ் தானாக எடுத்துக்கொள்ளும் ஐ.ஆர்.கியூ. 7-தான், 5 இல்லை.