மிச்சத்தின் மிச்சம் – கடிதம்

வணக்கம் சார்,

குரோஷியா பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியதைப் படித்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். வாயைப் பிளந்த முதலை மாதிரி இருக்கிறது. டுப்ரோவ்னிக் பக்கம் வேறு தனித்துண்டாகக் கிடக்கிறது. 1991-ல் பிறந்த புது நாடுதானே, யூகோஸ்லாவியா உடைந்த அவசரத்தில் கோடு போட்டுவிட்டார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலை சரிதான், புது நாடு என்பதுதான் இடிக்கிறது. க்ர்க் தீவில் பாஷ்கா அருகே ஒரு தேவாலயத்தில் கிடைத்த கல் இன்று குரோஷியத் தலைநகர் ஜாக்ரெபில் இருக்கிறது. கி.பி. 1100 வாக்கில் வெட்டியது, எடை சுமார் 800 கிலோ. 'குரோஷிய அரசர் ஸ்வோனிமிர்' தேவாலயத்துக்கு நிலம் கொடுத்த நிவந்தம், அதுவும் லத்தீனில் இல்லை, கிளகோலித்திக் என்ற ஸ்லாவிய எழுத்தில். இதை மறுப்பவனை 12 அப்போஸ்தலர்களும் சபிக்கட்டும் என்று சாபமும் உண்டு.

அப்புறம் 1102-லிருந்து ஹங்கேரி ராஜாவே இவர்களுக்கும் ராஜா, 1527-லிருந்து ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சம். அதை விடுங்கள், முதலையின் வாய்க்கு வருவோம். உள்ளே இருப்பது போஸ்னியா. ஒட்டோமான் துருக்கியரின் படை முன்னேற முன்னேற குரோஷியா ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போய், கடைசியில் கையில் நின்றதை லத்தீனில் 'மிச்சத்தின் மிச்சம்' என்று எழுதினார்கள். எல்லையோரத்தை ராணுவ மண்டலமாக்கி, நிலமும் சலுகையும் கொடுத்து, ஆயுதம் ஏந்தத் தயாராக இருந்தவர்களைக் குடிவைத்தார்கள். அவர்களில் நிறையப் பேர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், அவர்களின் வழிவந்தவர்களே பின்னாளில் குரோஷியாவின் செர்பியர்கள். 1991-ல் செர்பியர்கள் தனி நாடு கேட்ட பகுதியில் பெரும்பங்கு இந்தப் பழைய எல்லைப்பட்டைதான். 1995 ஆகஸ்டில் குரோஷிய ராணுவம் அதைப் பிடித்தபோது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டிராக்டரிலும் காரிலும் சாமானை ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள்.

டுப்ரோவ்னிக் கதை இன்னும் சுவாரசியம். அன்று அது தனிக் குடியரசு, வியாபாரிகளின் ஊர். ஒட்டோமானுக்குக் கப்பம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தொழில் பார்த்தவர்களுக்கு, உண்மையான பயமெல்லாம் வெனிஸ்காரன் மேல்தான். வெனிஸ் தரைவழியாக ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் தங்கள் நிலத்துக்கு இரு பக்கமும் ஒரு கீற்றை ஒட்டோமானுக்குப் போகவிட்டார்கள். தெற்குக் கீற்று இன்று மாண்டினீக்ரோவில். வடக்குக் கீற்றுதான் நெயும், போஸ்னியாவுக்கு இருக்கிற ஒரே கடற்கரை.

1808-ல் நெப்போலியன் ஆட்கள் குடியரசையே கலைத்துவிட்டார்கள், ஆனால் கீற்று நின்றுவிட்டது. வடக்கே குரோஷியாவின் இன்னொரு கடற்கரை நகரமான ஸ்பிளிட்டில் பஸ் ஏறி டுப்ரோவ்னிக் போகிறவர் உள்நாட்டுப் பயணத்துக்கே பாஸ்போர்ட்டை இரண்டு தடவை நீட்ட வேண்டியிருந்தது, நடுவில் நெயுமில் மலிவான சிகரெட் வாங்க ஒரு நிறுத்தம். நெயுமைத் தொடாமல் கடல்மேல் கடந்துபோக 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தார்கள், 2.4 கிலோமீட்டர், கட்டியது சீனக் கம்பெனி, பணத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது.

நீங்கள் போனால் பாலத்தைத் தாண்டி ஸ்தோன் என்ற சிற்றூரில் இறங்குங்கள். டுப்ரோவ்னிக் குடியரசு காசு பார்த்த உப்புப் பாத்திகள் அங்கே இருக்கின்றன, இன்னும் உப்பு அள்ளுகிறார்கள்.